ஈயம், பித்தளை, லேப்டாப்புக்குப் பேரீச்சம்பழம்!

சின்ன வயதில் எங்கள் தெருவில் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிற குரல் ஒன்று உண்டு. ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று ராகம் போட்டபடி தள்ளுவண்டி போகும். நாங்கள் பழத்துக்கு ஆசைப்பட்டு, வீட்டில் எதை எடுத்துப் போடலாம் என்று தேடுவோம். அம்மா லேசில் விட மாட்டார். பித்தளைப் பானை இளைத்துப்போனால் முதலில் ஈயம் பூசுகிறவர் பார்ப்பார். ஓட்டை என்றால் பாத்திரக்காரர் பத்த வைப்பார். அவர்கள் ரெண்டு பேரும் கையை விரித்த பிறகுதான் பேரீச்சம்பழக்காரருக்கு முறை. அந்த வரிசையை மாற்றினால் முதுகில் ஒன்று விழும்.

இப்போதும் வண்டி வருகிறது. தள்ளுவண்டி குட்டியானையாகிவிட்டது. குரல் ஸ்பீக்கரில் பதிவாகிவிட்டது. பழைய ஏ.சி., வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், லேப்டாப் என்று பட்டியலும் நீண்டுவிட்டது. பழம் கிடையாது, காசுதான்.

போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட் மூன்றாவது மாடி நண்பர் ஒரு லேப்டாப்பைக் கொண்டுபோய் அந்த வண்டியில் போட்டார். ஆறேழு வருஷத்து மெஷின். கீறல்கூடப் பெரிதாக இல்லை.

“என்ன சார் ஆச்சு இதுக்கு?” என்றேன்.

“ஒண்ணும் ஆகலை சார். நல்லாத்தான் ஓடுது. விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராதாம். பதினொண்ணு இதுல ஏறாதாம். அப்புறம் வேஸ்ட்தானே?”

வண்டிக்காரர் எடை பார்த்து 300 ரூபாய் கொடுத்தார். நான் 500 ரூபாய் நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், அன்றைய நாளின் இளிச்சவாயன் நான்தான் என்பது தெளிவாகத் தெரிந்தது. இருக்கட்டும்.

நண்பர் சொன்னது பொய்யில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு, சில நிபந்தனைகளோடு ஒரு வருஷம் கூடுதல் அவகாசம் தந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறக்குறைய 2018-க்குப் பிறகு வந்த பிராசஸரும் வேண்டும். அதற்கு முந்தைய மெஷின்கள் நன்றாக ஓடினாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. அதாவது, உங்கள் வீட்டு மாடு பால் கறக்கிறது. ஆனால் மாட்டை விற்றவர் அமெரிக்காவிலிருந்து கடிதம் போட்டு, இன்றோடு இது கிழம், அடிமாட்டுக்கு அனுப்பு என்கிறார். நாமும் பவ்யமாகக் கயிற்றை அவிழ்க்கிறோம்.

என் கோபம் மைக்ரோசாஃப்ட் மீது மட்டுமில்லை. அவர்கள் வியாபாரிகள், வியாபாரம் பண்ணுகிறார்கள். நாம் ஏன் ஈயம் பூசுகிறவரையும் பத்த வைக்கிறவரையும் தாண்டி நேராகப் பேரீச்சம்பழக்காரரிடம் ஓடுகிறோம் என்பதுதான் என் கேள்வி. அந்த மெஷினில் லினக்ஸ் போட்டால் இன்னும் நாலைந்து வருஷம் ஓடும். இதைச் செய்யத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் தெருவில் இருக்கிறாரா? இல்லையென்றால், ஏன் இல்லை? படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பையன்களுக்கும் பெண்களுக்கும் நம் ஊரில் பஞ்சமா என்ன?

ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட கணக்கு, 2022-ம் வருஷம் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைத் துப்பியிருக்கிறது என்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம். குப்பை உற்பத்தியில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்தபடி நாம்தான். இந்த விஷயத்தில் மட்டும் வல்லரசாகிவிட்டோம்!

மிச்சம் எங்கே போகிறது என்று டெல்லி சீலம்பூரிலும், உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்திலும் போய்ப் பார்க்கலாம். வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். போர்டை ஆசிடில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கிறார்கள். ஆமாம், தங்கம்தான். கோலார் தங்க வயலில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைக்குள் இறங்கினார்களே, ஒரு டன் கல்லில் சில கிராம்தான் தேறும் என்ற நிலையில் 2001-ல் அது மூடப்பட்டது. ஒரு டன் கம்ப்யூட்டர் போர்டில் அதைவிடப் பல மடங்கு தங்கம் உண்டு. புகையையும் ஆசிடையும் சுவாசிப்பவர்கள் யார், தங்கத்தை விற்பவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூமிக்கு அடியிலிருந்து மேலே வந்திருக்கிறோம், அவ்வளவுதான் முன்னேற்றம்.

சரி, வேறு எப்படித்தான் செய்வது?

அமெரிக்காவில் போர்ட்லாண்ட் என்று ஒரு ஊர். அங்கே 2000-ம் ஆண்டு ஏப்ரல் 22, பூமி தினத்தன்று, சிலர் சேர்ந்து ‘ஃப்ரீ கீக்’ என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். ஊரார் தூக்கிப்போடும் கம்ப்யூட்டர்களை வாங்கிக்கொள்வது. கம்ப்யூட்டர் வேண்டும் என்று வருகிறவரிடம், “இந்தா, எடுத்துக்கோ” என்று சும்மா கொடுப்பதில்லை. “24 மணி நேரம் எங்களோடு வேலை செய். கழற்று, பிரி, சோதனை செய். முடிந்ததும் ஒரு கம்ப்யூட்டர் உன்னுடையது” என்றார்கள். இன்னும் ஆழமாகக் கற்க விரும்புகிறவருக்கு வேறு ஒரு ஏற்பாடு. உதிரி பாகங்களிலிருந்து ஐந்து கம்ப்யூட்டர்களை முழுசாகக் கட்டி அமைப்புக்குக் கொடுக்க வேண்டும். ஆறாவதைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ்தான், லைசென்ஸ் காசு கிடையாது. தேறாதது மட்டும்தான் மறுசுழற்சிக்குப் போகும்.

கவனியுங்கள், அங்கே யாரும் பிச்சை வாங்கவில்லை. ஐந்தைக் கட்டி முடித்தவருக்கு ஆறாவது கெட்டுப்போனால் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

“அமெரிக்காக்காரனுக்கு ஆயிரம் வசதி” என்று சொல்லாதீர்கள். கனடா அரசு 1993-லேயே, அரசு அலுவலகங்களும் கம்பெனிகளும் கழிக்கிற கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. பழுதுபார்க்கும் இடங்களில் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு தொழில் அனுபவம். அதைப் பார்த்து கொலம்பியா 2000-ல் தொடங்கியது. அப்புறம் பிரேசில். பிரேசிலில் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைச் சேர்த்து, அரசு கழித்த கம்ப்யூட்டர்களைச் சரிபண்ண வைத்தார்கள். கொலம்பியாவும் பிரேசிலும் நம்மைவிடப் பெரிய பணக்காரர்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளத் தயார்.

நம்மூரில் தானம் எப்படி நடக்கிறது? ஒரு காட்சி சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு அரசுப் பள்ளிக்கு ஒரு கம்பெனி 20 கம்ப்யூட்டர் நன்கொடை கொடுத்தது. பேனர், சால்வை, ரிப்பன், போட்டோ எல்லாம் உண்டு. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து நான் போனபோது ஒன்பதுதான் ஓடியது. சிலதுக்கு ஹார்ட் டிஸ்க்கே இல்லை. பாதுகாப்புக்காகக் கழற்றிக்கொண்டார்களாம். தலைமையாசிரியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சார், இதை வாங்கினதுதான் நான் பண்ண தப்பு. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. இனிமே தூக்கிப் போடவும் முடியாது. கண்டம் பண்ணணும்னா மேலே எழுதணும், கமிட்டி வரணும், ஏலம் விடணும். நான் ரிட்டயர் ஆகறவரைக்கும் இதுக்குக் காவல் காக்கணும்.”

ஒரு வகுப்பறை குடோன் ஆகிவிட்டது. கம்பெனிக்கு என்ன லாபம்? காயலான் கடைக்கு அனுப்பும் வேலை மிச்சம், கூடவே புண்ணியக் கணக்கில் ஒரு போட்டோ. இதற்குப் பெயர் தானம் இல்லை ஐயா, குப்பை லாரி வாடகையை மிச்சம் பிடிப்பது.

இது ஒரு ரகம் என்றால், எதையுமே தராத உத்தமர்கள் இன்னொரு ரகம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவிகிதம் தேய்மானம். நூறு ரூபாய் மெஷின் நாலு வருஷத்தில் புத்தகத்தில் 13 ரூபாய் ஆகிவிடும். கணக்கில் செத்ததைக் கையிலும் சாகடித்துவிடுகிறார்கள். டேட்டா வெளியே போய்விடுமாம், அதனால் ஹார்ட் டிஸ்க்கில் டிரில் போட்டு ஓட்டை. ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து அழிப்பதற்கு இலவச மென்பொருள்களும், உலகம் ஒப்புக்கொண்ட வழிமுறைகளும் இருக்கின்றன. சரி, அவ்வளவு பயமென்றால் டிஸ்க்கை மட்டும் ஓட்டை போடுங்கள். மதர்போர்டும் மானிட்டரும் உங்கள் ரகசியத்தை யாரிடம் போய்ச் சொல்லப்போகின்றன?

அரசாங்கம் என்ன செய்கிறது? சட்டம் போட்டிருக்கிறது. அதுவும் நல்ல சட்டம். 2022 மின்கழிவு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. பொருளை விற்கிற கம்பெனியே அது குப்பையாகும்போதும் பொறுப்பு என்பது இதன் அடிப்படை. ஆனால் கணக்கு முழுக்கக் கிலோவில் இருக்கிறது. எவ்வளவு நொறுக்கினாய், எவ்வளவு செம்பு, இரும்பு, அலுமினியம், தங்கம் எடுத்தாய் என்பதற்குத்தான் சான்றிதழ். பழுதுபார்த்து மறுபடி ஓட வைத்தால் கம்பெனியின் பொறுப்பு தீராது, தள்ளிப்போகும். பிறகு அதில் 75 சதவிகிதத்துக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும் என்று ஒரு சலுகை. நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குப் பதிவு பெற்ற பழுதுபார்ப்பவர் வேண்டும், ஆன்லைன் போர்ட்டல், படிவம், கட்டணம். ரிச்சி தெரு மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டிருக்கிற தம்பிக்கு அந்தப் போர்ட்டல் எந்தக் கிரகத்தில் இருக்கிறது என்றே தெரியாது.

அதே விதிகளில் இன்னொரு இடத்தை நான் நாலு முறை படித்தேன். மின்கழிவைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் தொழிலாளர்களை மாநில அரசு அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும். அவர்கள் குழுவாகச் சேர உதவ வேண்டும். தொழிற்பேட்டைகளில் இடம் ஒதுக்க வேண்டும். தொழில் பயிற்சி தர வேண்டும். இதெல்லாம் 2016 விதிகளிலேயே இருந்தது. நான் ஒன்றும் புரட்சி கேட்கவில்லை. கெசட்டில் அச்சடித்ததைத்தான் கேட்கிறேன். உங்கள் தாலுகாவில் அப்படி ஒரு பயிற்சி நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

ரிச்சி தெரு என்றேனே, அங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு என் சொந்த லேப்டாப் சார்ஜ் ஏறாமல் நின்றது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏ.சி. ரூமில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “மதர்போர்டு மாத்தணும் சார், 18,000 ஆகும்” என்றார்கள். ரிச்சி தெருவில் ஒரு தம்பி, வயது இருபத்திரண்டு இருக்கும், மீட்டரை வைத்து ரெண்டு இடத்தில் தொட்டுப் பார்த்தார். அரிசிமணியைவிடச் சின்னதாக ஒரு ஐ.சி.யை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். 900 ரூபாய். இன்றைக்கு இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

“எங்கே படிச்சீங்க தம்பி?”

“பத்தாவது ஃபெயில் சார். அண்ணன் கடையில டீ வாங்கிட்டு வரப் போனேன். பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்.”

சர்டிஃபிகேட் இருக்கிறவர் போர்டையே மாற்றச் சொல்கிறார். சர்டிஃபிகேட் இல்லாதவர் ஐ.சி.யை மாற்றுகிறார். நம் கல்விமுறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

எங்கள் தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் அம்மாவின் மகள் டிப்ளமோ இ.சி.இ. இரண்டாம் வருஷம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பெண். “சால்டரிங் பண்ணியிருக்கியாம்மா?” என்று கேட்டேன். “லேப்ல ஒரு அயர்ன்தான் சார் இருக்கு. அறுபது பேர். சார் பண்ணிக் காட்டுவாரு, நாங்க ரெக்கார்டு எழுதுவோம்” என்றாள். கற்றுக்கொள்ள வேண்டிய பொருள் குட்டியானையில் கிலோ கணக்கில் தெருவைத் தாண்டிப் போகிறது. கற்றுக்கொள்ள வேண்டியவள் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். இந்த ரெண்டையும் சேர்த்து வைக்க எத்தனை கோடி வேண்டும்?

கோடிகள் இருக்கத்தான் செய்கின்றன. 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தனியார் கூட்டுடன் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியது தமிழக அரசு. ரோபோ வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் லேத் வந்திருக்கிறது. சந்தோஷம், குறை சொல்லவில்லை. அந்த ஐ.டி.ஐ.யின் ஒரு பழைய ஷெட்டில், அரசு அலுவலகங்கள் கண்டம் பண்ணுகிற கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து கொட்டி, ரிச்சி தெருத் தம்பியை வாத்தியாராகப் போட்டால் என்ன? பத்தாவது ஃபெயில் ஆனவரை வாத்தியாராகப் போட விதி இடம் தராது என்பார்கள். அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலேயே இருக்கிறது. மனசு இருந்தால் போதும்.

மின்னணு ஏற்றுமதியில் தமிழ்நாடுதான் முதலிடம் என்று 2023-24-லும் 2024-25-லும் மார் தட்டினோம். தப்பில்லை. ஆனால் அசெம்ப்ளி லைனில் நிற்பது வேறு, பழுது கண்டுபிடிப்பது வேறு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வெளியே வந்தார்கள். கோடிக்கணக்கான போன்களை உலகத்துக்கு அனுப்பியவர்கள். போன் ரிப்பேர் கடை வைக்கும் அளவுக்கு அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆலை தொழில் கற்றுக்கொடுத்தது? ஒரே ஸ்க்ரூவை ஷிஃப்ட் முழுக்க முடுக்கினால் ஸ்க்ரூ முடுக்கத்தான் வரும். பழுது பார்க்கிறவருக்குத்தான் முழுப் பொருளும் புரிகிறது. அந்த அறிவை ஆலையோடு சேர்த்து மூட முடியாது.

“ஏழைன்னா பழசுதான் போடணுமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, நானே கேட்டிருக்கிறேன். யாரோ அவிழ்த்துப் போட்ட சட்டை மாதிரி ஓடாத மெஷினைக் கொடுத்துக் கும்பிடு வாங்குவதைத்தான் மேலே திட்டியிருக்கிறேன். நான் கேட்பது மெஷினை இல்லை, வித்தையை. தானே பிரித்து, தானே கட்டி எடுத்துப்போகும் மெஷினில் யாருடைய பழைய வாடையும் இருக்காது. அதோடு, எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லவும் இல்லை. உப்பிய லித்தியம் பேட்டரி, ஈயம் கலந்த பழைய பிக்சர் டியூப், ஆசிட் சமாச்சாரம் இதெல்லாம் அனுமதி பெற்ற ஆலைக்குத்தான் போக வேண்டும். கழற்றுவது, சோதிப்பது, ரேம் காலை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் பண்ணுவது, எஸ்.எஸ்.டி. மாற்றுவது, லினக்ஸ் ஏற்றுவது வரை ஊர்ப் பயிற்சி. அந்தக் கோடு தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சீலம்பூரைச் சமூக சேவை என்ற பெயரில் நாமே தெருவுக்குத் தெரு திறந்துவிடுவோம்.

அப்புறம் அரசே தந்த மெஷின்கள். 2011 முதல் ஐம்பது லட்சத்துக்கும் மேல் இலவச லேப்டாப்கள். அதற்கு முன் கலர் டி.வி.கள். அவை இன்று எத்தனை வீட்டுப் பரணில் பேட்டரி செத்துத் தூங்குகின்றன? கொடுக்கும்போது டெண்டர் போட்டவர்கள், பழுதானால் போக ஒரு இடம் போட்டார்களா? 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இன்னும் 20 லட்சம் மெஷின்களுக்கு 2,000 கோடி ஒதுக்கினார்கள். அந்தக் கல்லூரிகளிலேயே ஆளுக்கு ஒரு ரிப்பேர் அறை திறந்து, அந்த மாணவர்களையே வைத்து நடத்தச் சொல்லி ஒரு வரி உத்தரவு போடலாம். உதிரி பாகம் இத்தனை வருஷம் தர வேண்டும் என்று கம்பெனியிடம் டெண்டரிலேயே கேட்கலாம். கேட்பவர் அரசாங்கம், வாங்குவது லட்சக்கணக்கில். இந்தக் கட்டாயத்தை வேறு யார் போட முடியும்?

500 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருத் தம்பியின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். தம்பி ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். முதல் ஸ்க்ரூவுக்குப் பத்து நிமிஷம். அப்புறம் வேகம் வந்துவிட்டது. தூசி அடைத்திருந்த ஃபேனைச் சுத்தம் பண்ணி, காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்துப் புதுசு வைத்து, 1,600 ரூபாய்க்கு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றினாள். நண்பரின் பழைய ஹார்ட் டிஸ்க்கை எப்படித் துடைத்து அழிப்பது என்பதையும் தம்பி காட்டிக்கொடுத்தார். ஸ்க்ரீனில் தமிழ் எழுத்து வந்தபோது மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. பேட்டரி 14 சதவிகிதம் காட்டியது.

“சார்ஜர் எங்க சார்?” என்றாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது மாடிக்குப் போன் போட்டேன்.

“அதை முந்தின வாரமே வண்டியில போட்டுட்டேனே சார்” என்றார் நண்பர். “வயர்ல செம்பு இருக்குன்னு சொல்லி இருபது ரூபா கொடுத்தான்.”